உள் கரண்ட் வைக்க மரத்துப்போகும் ஊசி மட்டும் போதுமா?

தஞ்சாவூர் மகள் — 2024 ஜூலை 9, இரவு 9.15

என் அம்மாவுக்கு வயது 58. கருப்பை வாய்ப் புற்றுநோய். வெளியிலிருந்து வைக்கும் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) 25 நாள் முடியப்போகிறது. வாரம் ஒரு முறை கீமோவும் ஏறியது. அடுத்து உள் கரண்ட் நான்கு முறை என்கிறார்கள். முழு மயக்கம் கிடையாது, லோக்கல் போதும் என்று ஒருவர் சொல்கிறார். முதுகில் ஊசி என்று இன்னொருவர் சொல்கிறார். ஏற்கெனவே வைத்துக்கொண்ட ஒரு பெண்மணி, ஊசியெல்லாம் பேருக்குத்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டதால், வரவே மாட்டேன் என்று அவர் அடம்பிடிக்கிறார். புற்று உள்ள இடத்தில் ஊசி குத்தினால் நோய் பரவும் என்று உறவினர் ஒருவரும் பயமுறுத்துகிறார். எதை நம்புவது?

ஓய்வுபெற்ற மயக்க மருத்துவர் — ஜூலை 10, காலை 6.40

லோக்கல் என்ற ஒரே சொல்லை எங்கள் மருத்துவமனைகளில் குறைந்தது மூன்று காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மேலே தடவும் லிக்னோகைன் என்ற மரக்கவைக்கும் மருந்தின் ஜெல்லியும் லோக்கல்தான். கருப்பை வாயைச் சுற்றிப் போடும் ஊசியும் லோக்கல்தான். முழு மயக்கம் இல்லை என்பதை உணர்த்துவதற்காக, முதுகில் போடும் ஊசியைக்கூட வார்டில் லோக்கல் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. மூன்றிலும் போவது ஒரே குடும்பத்து மருந்துதான் என்றாலும், அது சேரும் நரம்பு வேறு, மரக்கும் இடம் வேறு, மரத்திருக்கும் நேரமும் வேறு. ஆகவே லோக்கலா இல்லையா என்று கேட்பதைவிட, எந்த இடம் மரக்கும், எவ்வளவு நேரம் மரத்திருக்கும் என்று கேளுங்கள்.

உள் கரண்டில் கரண்ட் எதுவும் இல்லை என்பதை அம்மாவுக்கு முதலில் சொல்லுங்கள். பல இடங்களில் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளின் சிறு துணுக்கு, ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் சென்று சில நிமிடங்கள் இருந்துவிட்டுத் திரும்பிவிடும். அந்த நிமிடங்களில் வலி இல்லை. வலி அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. கருப்பை வாயை விரித்து, நீண்ட குழாய் ஒன்றைக் கருப்பையின் மேல்முனை வரை நுழைத்து, வாயின் இரு பக்கமும் உருண்டைக் கருவிகளை வைத்து, சிறுநீர்ப்பையும் மலக்குடலும் கதிரிலிருந்து விலகியிருப்பதற்காக நீளத் துணிச்சுருளை யோனிக்குள் இறுக்கி அடைப்பார்கள். பிறகு ஸ்கேன், அதன்பின் கதிர் எங்கே எவ்வளவு என்று கணக்கிடும் நேரம், அதன்பின் கதிர், கடைசியில் எல்லாவற்றையும் உருவி எடுப்பது.

இந்தப் பகுதிக்கு ஒரே ஒரு நரம்பு போகிறது என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். கருப்பையின் மேற்பகுதியிலிருந்து கிளம்பும் வலி தண்டுவடத்தின் பத்தாவது மார்பு நரம்பிலிருந்து முதலாம் இடுப்பு நரம்பு வரையிலான மட்டத்தில் நுழைகிறது. கருப்பை வாயைச் சுற்றியுள்ள வலி இடுப்புக்குழிக்குள் இருக்கும் நரம்புப் பின்னல் வழியாகப் போகிறது. யோனியின் கீழ்ப்பகுதிக்கும் வெளிப்புறத்துக்கும் மூன்றாவது பாதை ஒன்று உண்டு. வாயைச் சுற்றி ஊசி போட்டால் நடுப் பாதைதான் அடைபடும். முதுகில் ஊசி போட்டால் மூன்றும் அடைபடும்.

அதே நாள், பிற்பகல் 2.05

நோய் பரவும் என்ற பயத்துக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். புற்றுக் கட்டிக்குள் ஊசியைச் செலுத்துவதை நாங்கள் தவிர்க்கிறோம் என்பது உண்மை. அது பரவிவிடும் என்ற பயத்தால் தவிர்ப்பதில்லை. அந்தத் திசு தொட்டாலே இரத்தம் கசியும், அதில் மருந்தும் சரியாக வேலை செய்யாது. இந்தப் பயத்தினால் தசைத் துண்டு எடுக்கும் பரிசோதனையையே நான்கு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உறவினரிடம் வாதாட வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

ஜூலை 11, காலை 5.50

மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது என்று நேற்று ஒரே வரியில் கடந்துபோனதற்கு ஒருவர் காரணம் கேட்டிருக்கிறார். லிக்னோகைன் நரம்புக்குள் நுழைய வேண்டுமானால் அது மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். நலமான திசுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்த வடிவில் இருக்கும். சீழ் பிடித்தோ அழுகியோ அமிலத்தன்மை கூடிய திசுவில் அது பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். ஒரே மருந்து, ஒரே அளவு, ஆனால் வாசலில் நின்றுவிடுகிறது. சீழ்க்கட்டி உள்ள பல்லில் ஊசி பிடிக்கவில்லை என்று பல் மருத்துவர் சொல்வதும் இதே காரணத்தினால்தான்.

பல் மருத்துவர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் ஊசி போட்டுவிட்டு நம்மை வெளியே உட்கார வைக்கிறார், உதடு தடித்துவிட்டதா என்று கேட்கிறார், தட்டிப் பார்க்கிறார், பிறகுதான் குறடைத் தொடுகிறார். கருப்பை வாயில் ஊசி போடுகிற நாங்களோ, ஊசியைத் தட்டில் வைத்த கையோடு அடுத்த கருவியை எடுத்துவிடுகிறோம். ஐந்து நிமிடம் காத்திருந்தால் கிடைக்கும் பலனை அந்த அவசரத்தில் இழந்துவிடுகிறோம். ஒரு பல்லுக்குக் கிடைக்கும் மரியாதை கருப்பை வாய்க்குக் கிடைப்பதில்லை என்று நான் ஒருமுறை அறுவை அரங்கில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் ஐந்து நிமிடமும் ஆகிவிட்டது. அன்றைய நோயாளிக்கு ஊசி நன்றாகப் பிடித்தது.

ஊசி போகும்போது எரிகிறது என்பதும் உண்மையான புகார்தான். குப்பியில் இருக்கும் மருந்து கெட்டுப்போகாமல் இருப்பதற்காக அமிலத்தன்மையோடு வருகிறது. பத்து மில்லிக்கு ஒரு மில்லி என்ற கணக்கில் சோடியம் பைகார்பனேட் கலந்து, மெல்லிய ஊசியால் மெதுவாகச் செலுத்தினால் எரிச்சல் நன்றாகக் குறையும். செலவு சில ரூபாய், தேவைப்படுவது பொறுமை.

ஜூலை 12, இரவு 10.30

எவ்வளவு மருந்து வரை போடலாம் என்ற கேள்விக்கு, கிலோவுக்கு மூன்று மில்லிகிராம் என்று ஒருவருக்குத் தனிச்செய்தியில் எழுதிவிட்டேன். அதைத் திருத்த வேண்டும். அட்ரினலின் சேர்க்காத லிக்னோகைனுக்கு மூன்று என்று சொல்லும் நூல்களும் உண்டு, நாலரை என்று சொல்லும் நூல்களும் உண்டு. அட்ரினலின் சேர்த்தால் ஏழு. இரத்த ஓட்டம் மிகுந்த இந்த இடத்தில் நான் சிறிய எண்ணையே பிடித்துக்கொள்வேன். எண்ணைவிட முக்கியமானது குப்பியின் மேல் இருக்கும் சதவீதம். ஒரு சதவீதம் என்றால் மில்லிக்குப் பத்து மில்லிகிராம். இரண்டு சதவீதம் என்றால் இருபது. சிகிச்சைக்கு வரும்போது நம் பெண்களில் பலர் நாற்பது கிலோவுக்குச் சற்று மேலேதான் இருக்கிறார்கள். 45 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டு சதவீத மருந்தில் ஏழு மில்லியைத் தொடும்போதே சிறிய எண்ணைத் தாண்டிவிடுகிறோம்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் கற்கவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சதவீதக் குப்பி என்று நினைத்து இரண்டு சதவீதக் குப்பியிலிருந்து பன்னிரண்டு மில்லி எடுத்துக் கொடுத்தேன். பாதி போவதற்குள் அந்த அம்மாள், "வாயெல்லாம் இரும்பு நக்கின மாதிரி இருக்கு" என்றார். சற்று நேரத்தில் காதில் வண்டு ரீங்காரமிடுகிறது என்றார். உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு வருவதும், வாயில் உலோகச் சுவை தெரிவதும், காது இரைவதும் மருந்து இரத்தத்தில் ஏறிவிட்டதற்கான முதல் அடையாளங்கள். அதற்கும் மேலே போனால் வலிப்பு வரும், இதயத் துடிப்பும் தடுமாறும். அங்கேயே நிறுத்தினோம், ஆக்சிஜன் வைத்தோம், அரை மணி நேரத்தில் எல்லாம் தணிந்தது. அவர் விழித்திருந்து பேசியதால்தான் எனக்குத் தெரிந்தது. அன்று தூக்க ஊசியும் சேர்த்துப் போட்டிருந்தால் அந்த இரும்புச் சுவையை யாரும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது இந்த நச்சுத்தன்மைக்கு இருபது சதவீதக் கொழுப்புக் கரைசலை இரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். அது அறையில் இருக்கிறதா என்று கேட்பது நோயாளியின் வேலையல்ல. ஆனால் மருத்துவராக இதைப் படிப்பவர்கள் நாளைக் காலையில் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 13, காலை 7.10

முதுகு ஊசியைப் பற்றி அம்மா கேட்ட இரண்டு கேள்விகளையும் மகள் எழுதியிருக்கிறார்: ஆயுளுக்கும் இடுப்பு வலி வருமா, தலைவலி வருமா?

ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். ஆண்டுக் கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலியை அந்த ஊசியின் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. கடினமான மேசையில் அசையாமல் மணிக்கணக்கில் கிடந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தலைவலி உண்மையாகவே வரக்கூடியது. தண்டுவடத்தைச் சூழ்ந்த நீர் துளை வழியாகக் கசிவதால், எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். மெல்லிய ஊசிகள் வந்தபிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இதில் எங்கள் துறையின் முன்னோர் அனுபவித்தது அதிகம். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், கொக்கைனை முதுகில் செலுத்தும் முறையைத் தம் உடம்பிலேயே சோதிக்க முனைந்தார். ஊசியும் மருந்துக் குழலும் பொருந்தாமல் போனதால் தண்டுவட நீர் வழிந்தோடியது, மருந்து போகவில்லை. உடனே உதவியாளர் ஹில்டெபிராண்ட் தம் முதுகைக் காட்டினார். ஊசி பிடித்ததா என்று பார்க்க அவருடைய முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் சுத்தியலால்கூட அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அன்று அவர் எதையும் உணரவில்லை. மறுநாள் இருவருக்கும் பொறுக்க முடியாத தலைவலி. அவர்கள் பட்டதை எல்லாம் மனத்தில் வைத்துத்தான் இன்றைக்கு நூலிழை போன்ற ஊசி வந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சுத்தியலை மட்டும் விட்டுவிட்டோம் என்பதையும் சொல்லுங்கள்.

கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதுதான் இவற்றைவிடப் பெரியது. கீமோவால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் முதுகு ஊசி போடலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். காலில் இரத்தம் உறைந்ததற்காக எனாக்சாபரின் ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தால், குறைந்த அளவுக்குப் பன்னிரண்டு மணி நேரமும், முழுச் சிகிச்சை அளவுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் முதுகு ஊசிக்கு முன் இடைவெளி வேண்டும். அந்த ஊசியைப் பல வீடுகளில் மகளோ மருமகளோதான் போட்டுவிடுகிறார்கள். அது மருத்துவமனைச் சீட்டில் ஏறாமலே போய்விடுவதுண்டு. கடைசியாகப் போட்ட நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வாரக் கீமோ சிஸ்பிளாட்டின் என்றால், கைகால் விரல்களில் மரமரப்பு இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் அந்தப் பழியும் முதுகு ஊசியின் மேல்தான் விழும்.

ஜூலை 13, இரவு 8.45

காலையில் எழுதியதை மறுபடி படித்தேன். முதுகில் ஊசி போட்டால் மூன்று பாதையும் அடைபடும் என்று பத்தாம் தேதி எழுதியதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்படிப் பொதுவாகச் சொல்லியிருக்கக் கூடாது. நோயாளியை உட்கார வைத்துக் குறைந்த அளவு மருந்தை முதுகில் செலுத்தி, அப்படியே சில நிமிடம் உட்கார்த்தி வைத்தால் அது அடியிலேயே தங்கிவிடும். குதிரைச் சேணம் படும் பகுதி மட்டும் மரக்கும். வெளிப்புறத்தில் செய்யும் சிறு அறுவைக்கு அது அருமையான ஊசி. கருப்பையின் மேல்முனை வரை குழாய் போகும் உள் கரண்டுக்கு அது எட்டாது. தொப்புள் மட்டம் வரை மரத்திருக்கிறதா என்பதை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தொட்டுக் கேட்க வேண்டும். சில்லென்று இருக்கிறது என்று சொன்னால் இன்னும் மரக்கவில்லை என்று பொருள்.

ஜூலை 14

இல்லை, சுத்தியல் கதை நான் கட்டியது அல்ல. மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

ஜூலை 15, காலை 5.20

பேருக்குத்தான் ஊசி என்று சொன்ன பெண்மணியைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன் என்பதுதான் உண்மை.

நான் பணியாற்றிய இடங்களில் ஒன்றில், ஒரு நாளைக்கு ஆறேழு பேருக்கு உள் கரண்ட் வைப்பார்கள். மயக்க மருத்துவர் கிடைக்காத நாட்களில், கருப்பை வாயைச் சுற்றி ஊசியும் இரத்தக் குழாயில் கொஞ்சம் வலி மருந்தும் கொடுத்தே எல்லாம் நடக்கும். நான் மேற்பார்வைக்கு வரும்போது குறிப்பேட்டில் ஒரே சொல் இருக்கும்: "பொறுத்துக்கொண்டார்". அந்தச் சொல்லை மருந்து வேலை செய்தது என்பதற்கான சான்றாகவே பல ஆண்டுகள் படித்துவந்தேன். கத்தவில்லை, கையைத் தட்டிவிடவில்லை, அசையவில்லை, ஆகவே மரத்திருக்கிறது.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி, மூன்றாவது முறை முடிந்து தள்ளுவண்டியில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஊசி ஒருக்காலும் பிடிக்கலம்மா. ஆனா இத்தனை பேரு வெளிய காத்துக் கெடக்கிறாங்க, நாம கத்துனா உங்களுக்குத்தானே சங்கடம்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன்." மூன்று முறையும் அவருடைய தாளில் பொறுத்துக்கொண்டார் என்றுதான் இருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. அவர் பொறுத்துக்கொண்டார், அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் அதுதான். தவறாகப் படித்தவள் நான்.

அதன்பிறகு கேட்கும் விதத்தை மாற்றினேன். வலிக்கிறதா என்று கேட்டால் நம் ஊர்ப் பெண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். கூர்மையாக இருக்கிறதா, அழுத்தமாக மட்டும் இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டேன். அழுத்தம் என்றால் தொடரலாம். கூர்மை என்றால் நிறுத்தி மருந்து கூட்ட வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் அவர்கள் உண்மையைச் சொன்னார்கள். விரிப்பதையும் நுழைப்பதையும்விடத் துணி அடைப்பதுதான் பலருக்குத் தாங்க முடியாததாக இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது; அது அந்த ஊசி எட்டாத மூன்றாவது பாதை. தஞ்சாவூர் மகளின் அம்மாவைப் பயமுறுத்திய அந்தப் பெண்மணி மிகைப்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன்.

ஜூலை 16, பிற்பகல் 3.30

மரத்துப்போகும் ஊசியே புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதாம். இருவர் இங்கே ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு ஒரு மூலம் இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் தலைமையில் 1,600 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்து 2023இல் வெளியானது. கட்டியை அகற்றுவதற்கு ஏழு முதல் பத்து நிமிடம் முன்பு, அதைச் சுற்றி 0.5 சதவீத லிக்னோகைனைச் செலுத்தினார்கள். ஐந்து ஆண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்ட பிரிவில் 90.1 சதவீதம், போடாத பிரிவில் 86.4 சதவீதம். மலிவான மருந்து ஒன்றுக்கு இது வியப்பான முடிவு, நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் அது மார்பகம். கத்தி வைப்பதற்கு முந்தைய சில நிமிடங்களில் நடந்தது. கத்தியே படாமல் கதிரால் குணப்படுத்தும் கருப்பை வாய்ப் புற்றுக்கு அதைத் தூக்கிவந்து பொருத்த முடியாது. மார்பகத்திலேயே, முழு மயக்கத்துக்குப் பதில் நரம்புகளை மரக்கவைத்து அறுவை செய்தால் நோய் திரும்புவது குறையுமா என்று பார்த்த பெரிய பன்னாட்டு ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. இரு பிரிவிலும் ஏறத்தாழப் பத்து சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது, வேறுபாடு இல்லை. உங்கள் அம்மாவுக்கு இந்த ஊசி வலிக்காகத்தான்.

ஜூலை 18, காலை 6.00

சூலகப் புற்றினால் வயிற்றில் தண்ணீர் கோத்தவரின் கணவர் கேட்கிறார்: ஒவ்வொரு முறை தண்ணீர் எடுக்கும்போதும் மரத்துப்போக ஊசி போட்டும் துடிக்கிறாரே, ஏன்? தோலை மட்டும் மரக்க வைத்துவிட்டு உள்ளே போகிறார்களா என்று பாருங்கள். வயிற்றின் உள்ளுறைதான் மிகவும் நோகும் படலம். மருந்து அதுவரை போக வேண்டும், போனபின் ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மருந்தின் அளவு அதேதான், இரண்டு விரற்கடை ஆழம்தான் வேறுபாடு.

பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் கதிர் வைத்துப் புண்ணானவர்கள் ஜெல்லி தடவலாமா என்ற கேள்விக்கு: தடவலாம், ஆனால் தோல் உரிந்த இடத்தில் மருந்து இரத்தத்துக்குள் விரைவாக ஏறும் என்பதால், குழாயைப் பிதுக்கித் தாராளமாகப் பூசக் கூடாது; மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். லிக்னோகைனும் பிரிலோகைனும் சேர்ந்த களிம்பு கைத்தோலில் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த மெல்லிய சவ்வில் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும்.

முற்றிய நிலையில், மார்ஃபினுக்கும் அடங்காத அடிவயிற்று வலிக்கு, இடுப்பெலும்புக்கு மேலே முதுகெலும்பின் முன்புறம் உள்ள நரம்புப் பின்னலை அடைக்கும் முறை ஒன்று இருக்கிறது. மெக்சிகோவின் பிளாங்கார்ட்டே என்பவரும் அவருடைய குழுவினரும் 1990இல் அதை எழுதினார்கள். முதலில் மரக்கவைக்கும் மருந்தைச் செலுத்தி வலி குறைகிறதா என்று பார்த்து, குறைந்தால் ஃபீனால் போன்ற மருந்தால் நீண்ட காலத்துக்கு அடைப்பார்கள். வலி மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனையில் கேளுங்கள். இதற்குமேல் இங்கே விரித்தால் மகளின் கேள்வி அடியில் போய்விடும்.

ஜூலை 20, இரவு 9.00

முதல் முறை நேற்று முடிந்தது என்று மகள் எழுதியிருக்கிறார். முதுகில்தான் ஊசி போட்டிருக்கிறார்கள். வைக்கும்போது அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லையாம். மருத்துவரோடு பேத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். எடுக்கும்போது அலறிவிட்டார், இனி வரமாட்டேன் என்கிறார்.

இதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். மரத்திருக்கும் நேரத்தைக் கேளுங்கள் என்று சொன்னேனே தவிர, எதனோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. முதுகில் போடும் பியூபிவகைன் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே தாங்கும். மருந்தைக் குறைத்துப் போட்டால் அதற்கு முன்பே விட்டுவிடும். ஸ்கேனும் கணக்கீடும் கதிரும் முடிய அதைவிட நேரமாவது உண்டு. நுழைக்கும்போது உடன் இருந்த மயக்க மருத்துவர், எடுக்கும் நேரத்தில் அடுத்த நோயாளியோடு இருப்பார். அடைத்த துணி உலர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை மூன்று நேரங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: ஊசி போட்ட நேரம், கால் விரல் அசையத் தொடங்கிய நேரம், கருவியை எடுத்த நேரம். உணர்வு எப்போது திரும்பியது என்பதை அம்மாவிடமும் கேட்டு எழுதுங்கள். எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வலி மருந்தும், துணியை நனைத்து ஜெல்லி விட்டு எடுப்பதும் கேட்டுப் பெறக்கூடியவைதான்.

ஜூலை 27, காலை 6.15

நேரங்கள் வந்துவிட்டன. ஊசி 9.40, விரல் அசைந்தது 11.35, அம்மாவுக்கு அடிவயிறு நோகத் தொடங்கியது 11.50, கருவி எடுத்தது 12.45. இந்த முறை வலி மருந்து கொடுத்துத் துணியை நனைத்து எடுத்ததால் அலறவில்லை, ஆனால் கூர்மையாகத்தான் இருந்தது என்று அம்மாவே சொன்னாராம். பல்லைக் கடிக்காமல் சொன்னதற்கு அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

11.50க்கும் 12.45க்கும் இடையே 55 நிமிடம். அந்தத் தாளை அப்படியே மயக்க மருத்துவரிடம் கொடுங்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதா, நீடித்து நிற்கும் இன்னொரு மருந்தைச் சிறிதளவு சேர்ப்பதா, அல்லது அம்மாவைப் பட்டியலில் முதலாவதாக வைத்துக் கணக்கீட்டுக் காத்திருப்பைக் குறைப்பதா என்று அவர் முடிவு செய்துகொள்வார். மூன்றாவது முறைக்கும் இதே நான்கு நேரங்களைக் குறித்து இங்கே எழுதுங்கள்.